ஆடை எடுக்கிற மெஷின்

தண்ணீரில் மிதக்கிற எண்ணெயை வழித்தெடுக்கும் மெஷினை விற்பது என் தொழில். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் "அப்படியா, சரி சரி" என்று வேறு ஆளிடம் பேசப் போய்விடுவார் என்பதும் அந்தத் தொழிலோடு சேர்ந்ததுதான்.

யாரும் கேள்விப்படாத சாமானை, யாரும் கேட்காதபோது, விற்கப் போகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இன்சூரன்ஸோ, மொட்டை மாடிக்கு வெயில் தாங்கும் பெயின்ட்டோ, எதுவாக இருந்தாலும் சரி, நீங்களெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "நீ என்னம்மா வேலை பாக்கே?" என்று கேட்டதும், ரசத்துக்குக் கையைக் குழித்துக்கொண்டு தலையைக் குனிகிற கூட்டம் நாம்.

உங்களிடமாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். லேத் பட்டறையில் இரும்பைக் கடையும்போது சூடு தணிவதற்காக அதன்மேல் ஒன்றை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அதற்குப் பேர் கூலண்ட். பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். மெஷினுக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து பம்பு அதை மேலே ஏற்றும். இரும்பில் விழுந்து, வடிந்து, திரும்பத் தொட்டிக்கே வரும். வருகிற வழியில் மெஷினுக்குப் போட்ட மசகு எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். அந்த எண்ணெய் மேலே ஆடையாகப் படர்ந்து மூடிக்கொள்ளும். மூடினால் அடியில் காற்றுப் போகாது. கூலண்ட் அழுகும், நாறும், கையில் பட்டால் அரிக்கும். என் மெஷினில் ஒரு பெல்ட் தொட்டிக்குள் இறங்கி ஏறி வரும். எண்ணெய் அதில் ஒட்டிக்கொண்டு வரும்போது மேலே ஒரு பிளேடு வழித்து டப்பாவில் விடும். அவ்வளவுதான் சமாச்சாரம். இந்த அவ்வளவை சங்கரன்கோவிலில் விளங்கவைக்க நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

சேலை ஊரில் ஒரு சொல்

இந்த மெஷினின் சரியான பேர் ஸ்கிம்மர். அதைச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை என்று நானே ஒரு பேர் கண்டுபிடித்தேன்: ஆடை எடுக்கிற மெஷின். பாலில் ஆடை எடுப்பதில்லையா, அது மாதிரி. எனக்கே என்மேல் மதிப்பாக இருந்தது. திருவேங்கடம் ரோட்டில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு முதலாளியிடம் போனில் இந்தப் பேரைச் சொன்னதும், "உடனே கொண்டாங்கம்மா" என்றார். இந்தத் தொழிலுக்கு வந்து என்னை யாரும் உடனே வா என்று சொன்னது கிடையாது. மாதிரி மெஷினை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு பறந்தேன்.

போனால் வீடே கூடி நிற்கிறது. தறியிலிருந்து இறக்கின சேலைகளை மெத்தைபோல அடுக்கி வைத்திருக்கிறார்கள். "மெஷின் மடிச்சுக் குடுக்குமா, இல்ல, எடுத்து வைக்க மட்டுந்தானா?" என்று முதலாளி கேட்டார். நான் பெல்ட்டைக் காட்டினேன், பிளேடைக் காட்டினேன், எண்ணெய் என்றேன், தொட்டி என்றேன். என் குரல் எனக்கே தேய்ந்துகொண்டு போனது. நல்லவேளை, மனிதர் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, "எங்க அத்தான் ராஜபாளையம் ரோட்டுல பட்டறை வச்சிருக்காரு. திங்கக்கிழமை உள்ள போனா மூக்கப் பொத்திட்டுத்தான் நிக்கணும். நீங்க தேடுத தொட்டி அங்கனதான் இருக்கு" என்று வழியும் சொன்னார். நான் மெஷினைத் திரும்பக் கட்டும்போது வாசல்வரை வந்து சொன்னது இது:

"ஏம்மா, வேற எந்த ஊர்ல வேணும்னாலும் போயி ஆடைன்னு சொல்லுங்க. சேலை நெய்யுத ஊர்ல வந்து சொன்னா நாங்க எந்த ஆடைன்னு நினைப்போம்?"

திங்கட்கிழமை

அத்தான் என்று அவர் சொன்னது வேலுச்சாமி அண்ணாச்சியை. இரண்டு கம்ப்யூட்டர் லேத்தும் ஒரு பழைய லேத்தும் வைத்து, தறிக்கும் பம்புசெட்டுக்கும் சில்லறைச் சாமான் கடைந்து கொடுக்கிறார். நான் வேண்டுமென்றே திங்கட்கிழமை காலையில் போனேன். ஞாயிறு முழுக்க அசையாமல் கிடந்த தொட்டி திங்களன்று வாயைத் திறக்கும். அழுகின முட்டை தெரியுமல்லவா, அந்த நாற்றம். தொட்டி மூடிமேல் ஒரு வாழைப்பழத்தில் கொத்தாக ஊதுபத்தி குத்தி வைத்திருந்தார்கள். இரண்டு வாசனையும் சேர்ந்து எனக்குத் தலை சுற்றியது. அண்ணாச்சி மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு, "பழகிப் போச்சும்மா" என்றார்.

பழகாத ஆள் ஒருவன் அங்கே இருந்தான். முருகேசன். மெஷின் ஓட்டுகிறவன், முப்பது வயது இருக்கும். டீ கிளாஸைத் துணி சுற்றிப் பிடித்தான். கையைப் பார்த்தேன், விரல் இடுக்கெல்லாம் வெடித்து, தோல் உரிந்து, பார்க்கவே எனக்குக் கூசியது. டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டேன். "பாத்தேன்க்கா. களிம்பு குடுத்தாரு. அந்தத் தண்ணியில கைய வைக்காதன்னாரு. கைய வைக்காம எப்பிடி மெஷின் ஓட்ட?" என்றான். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது அவனுக்கு, இப்போதுதான் கழுத்து நின்றிருக்கிறது, அவன் இன்னும் அதைத் தூக்கவில்லை என்று அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார். முருகேசன் சிரிக்கவில்லை. இந்தக் கையோடு எப்படித் தூக்க என்று பயம், நாற்றம் வேறு, கிட்டப் போனாலே பிள்ளை முகத்தைத் திருப்புகிறது என்றான். வந்ததும் குளிக்கிறாய்தானே என்று கேட்டேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"ரெண்டு தடவை குளிக்கேன்க்கா. சோப்புக்குத் தெரியாத நாத்தம் பிள்ளைக்குத் தெரிஞ்சிருது."

இம்புட்டுத்தானா

விற்கப் போகிறவர்களுக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த ஒரு வாக்கியம் இருக்கிறது. அரைமணி நேரம் தொண்டை வற்ற விளக்கிச் சொன்ன பிறகு, "இம்புட்டுத்தானா? இத நானே செஞ்சிருவேன்" என்பார்கள். அண்ணாச்சியும் சொன்னார், செய்யவும் செய்தார். பழைய வேன் ஒன்றின் வைப்பர் மோட்டார், இரண்டு உருளை, பெல்ட்டுக்கு அவர் வீட்டம்மாவின் நூல் சேலையில் கிழித்த ஒரு நீளத் துண்டு. எண்ணெய் துணியில்தானே ஒட்டும் என்பது அவர் கணக்கு. ஆனால் நூல் துணி எண்ணெய், தண்ணீர் என்று பேதம் பார்க்குமா? கூலண்டை மடக்கு மடக்கென்று குடித்து வாளி வாளியாக வெளியே கொண்டுவந்து ஊற்றிவிட்டது. மேலே மிதந்த எண்ணெய் மட்டும் வெளியே வராமல், மட்டம் இறங்க இறங்கத் தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. பம்பு காற்றை உறிஞ்சிக்கொண்டு கத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் எனக்குப் போன் வந்தது.

எந்த ஸ்கிம்மர் என்பதை விற்கிறவளும் முடிவு செய்ய முடியாது, வாங்குகிறவரும் முடிவு செய்ய முடியாது. தொட்டிதான் முடிவு செய்யும். வட்டத் தட்டு சுற்றுகிற மாதிரி ஒன்று உண்டு, அதற்குத் தொட்டி அகலமாகவும் தண்ணீர் மட்டம் ஏறாமல் இறங்காமலும் இருக்க வேண்டும். குழாய் மிதக்கிற மாதிரி ஒன்று உண்டு, இரும்புச் சுருள் விழுகிற தொட்டியில் அது சிக்கிக்கொள்ளும். அண்ணாச்சி தொட்டிக்கு வாய் ஒரு சாண்தான், ஆழம் அதிகம், சுருளும் விழுகிறது. பெல்ட்தான் சரி. கம்பெனி பெல்ட்டில் ஒரு துண்டைத் தொட்டியில் முக்கி எடுத்து அவர் கண்முன்னால் பிடித்தேன். வெள்ளை வழுக்கிக்கொண்டு இறங்கியது, எண்ணெய் மட்டும் கறுப்பாக ஒட்டி நின்றது. அண்ணாச்சி தலையை ஆட்டினார். அவர் மனைவி சண்முகத்தாய் மதினி பட்டறைக் கணக்கு வழக்கு பார்க்கிறவர், மூலையில் கிடந்த ஈரத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்:

"தொட்டி எண்ணெய் தொட்டியிலயே கிடக்கு, என் சேலையத்தான் எடுத்திருக்கு. ஆடை எடுக்கிற மெஷின்னு சரியாத்தான் பேர் வச்சிருக்கீங்க."

பொட்டு

மெஷினை மாட்ட நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். மாட்டினேன். பெல்ட்டில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் பெல்ட் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வரிசையாக வைத்துச் சுவிட்சையும் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பொட்டாகத் தொட்டிக்குள் இறங்குகிறது, வெளியே வரும்போது பிளேடு வழித்துவிடுகிறது. சந்தனம் பிளேடில் அப்பிக்கொண்டது, பெல்ட் வழுக்கி நின்றது. நான் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்தேன். வைத்த பொட்டை அழிக்கிறாளே என்று அண்ணாச்சிக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. அவர் மனசு கேட்காதென்று மோட்டார் மூடியின் உச்சியில் நானே ஒரு பொட்டு வைத்தேன். மெஷின் ஓடியது. அண்ணாச்சி உச்சியில் இருந்த பொட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்கன வச்சா என்னன்னு நினைச்சிட்டேன்ம்மா. பொட்டுன்னா நெத்தியிலதான் வைக்கணும், மெஷினா இருந்தாலும்."

சாமி மண்

திங்கட்கிழமை நாற்றம் அப்படியே இருந்தது. அதோடு டப்பாவில் எண்ணெய்க்குப் பதில் செம்மண் குழம்பு. பம்பு வாயில் உள்ள வலையும் அடைத்திருந்தது. பட்டறைக்குள் மண் எங்கிருந்து வரும்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "எவன்லே தொட்டியில மண்ண அள்ளிப் போட்டது?" என்று கேட்டே விட்டேன். முருகேசன் மெள்ள முன்னால் வந்து கையைக் காட்டினான். எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் கோயில் புற்றுமண் பூசுவோம். தினமும் காலையில் கோயிலுக்குப் போய், மண்ணைக் குழைத்துக் கைநிறையப் பூசிக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறான். கூலண்ட் மேலே விழ விழ, மண் கரைந்து தொட்டிக்குப் போயிருக்கிறது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. அக்கி வந்தபோது நானும் பூசினவள்தானே. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பூசு, காலையில் கழுவிவிட்டு டாக்டர் களிம்பைப் போட்டுக்கொண்டு வா என்று மட்டும் சொன்னேன்.

தொட்டியைக் காலி செய்தோம். அடியில் கிடந்த சகதியைச் சாக்கடையில் கொட்டக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ பட்டறையில் நான் கெட்ட பேர் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அண்ணாச்சி என்னை முந்திக்கொண்டார். சாமி மண்ணைச் சாக்கடையில் கொட்டுவதா என்று பதறி, ஒரு டிரம்மில் அள்ளி மூடி, கழிவெண்ணெய் எடுக்கிறவர் வரும்வரை மூலையில் வைத்து, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முருகேசன் புதுக் கூலண்ட் ஊற்றிக்கொண்டே என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"எண்ணெய்க்கு மெஷின் வந்துட்டு, கைக்கு சாமி இருக்கு. பிள்ளையத் தூக்க நான்தான்க்கா இருக்கேன், எனக்குத்தான் தைரியம் வரமாட்டேங்கு."

வாசலில் செல்வி

அன்றைக்கே மத்தியானம் அவன் மனைவி செல்வியைப் பார்த்தேன். ஒரு கையில் தூக்குவாளி, இடுப்பில் பிள்ளை. முருகேசன் போய் வாளியை மட்டும் வாங்கினான். பிள்ளை அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மா தோளில் முகத்தைப் புதைத்தது. அவன் வாளியைக் கீழே வைத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டி நின்று, "ஏட்டி, இங்கன பாரு, அப்பாவப் பாரு" என்றான். அது திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

செல்வி என்னிடம் வந்தாள். "யக்கா, உங்கட்ட ஒண்ணு கேக்கணும். பொட்டப்பிள்ளைன்னுதான் இவுக தூக்க மாட்டேங்காகளோ? எங்கம்மா வீட்டுல அப்பிடித்தான் பேசுதாங்க. இல்லவே இல்லன்னு நான் சண்டை போடுதேன். போட்டுட்டு வந்து ராத்திரி அழுதேன்." அப்படியெல்லாம் இல்லை தாயி, கை வெடிப்புப் பிள்ளை மேல் உரசிவிடும் என்று பயப்படுகிறான், நாற்றத்துக்குக் கூசுகிறான் என்று நான் படபடவென்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்:

"அந்த நாத்தத்தோடதானேக்கா நான் குடும்பம் நடத்துதேன். எனக்குப் பெருசாத் தெரியாத நாத்தம் என் பிள்ளைக்கு மட்டும் எங்கேருந்து தெரியுது?"

மெயின்

இதற்குப் பிறகு எனக்கு அந்தத் தொட்டி வியாபாரமாக இல்லை, வீம்பாகிவிட்டது. ஸ்கிம்மரை வாங்கி மாட்டினால் போதாது, எப்போது ஓட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பட்டறை ஓடும்போது பம்பு கலக்கிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் உடைந்து கூலண்டோடு கலந்து கிடக்கும். தொட்டி அசையாமல் இருந்தால்தான் பிரிந்து மேலே வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை அதுவாக ஓடும்படி டைமர் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த திங்கட்கிழமை ஆசையாகப் போனால், வாசலிலேயே நாற்றம் வந்து வாங்க என்றது. டப்பா காய்ந்து கிடந்தது. டைமர் வைத்தேனே அண்ணாச்சி என்றால், "வச்சே. நான் மெயின அமத்திட்டுத்தானே வீட்டுக்குப் போவேன்" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என் மெஷினையே ஓங்கி உதைக்கலாம் போலிருந்தது.

மதினிதான் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். முன்பு அண்ணாச்சிக்குச் சொந்தத் தறி இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்த கூடத்தில் வயர் உருகித் தீப் பிடித்திருக்கிறது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, திறக்க முடியாமல், தெருவில் நின்று பார்த்தாராம். அதிலிருந்து மெயின் சுவிட்சை அமத்தி, வயர் சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கதவைப் பூட்டுவாராம். நியாயம்தான். ஆனால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. செல்வி வாசலில் கேட்டதை அப்படியே அண்ணாச்சியிடம் போட்டு உடைத்தேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் போய்விட்டது. உள்ளே மெஷினுக்கு முன்னால் நின்ற முருகேசனையே பார்த்துக்கொண்டிருந்தார்:

"எனக்கும் பொம்பளப் பிள்ளைதான், தூக்கித்தான் வளத்தேன். ஆனா கரண்ட உள்ள விட்டுப் பூட்டிட்டு, வீட்டுல உக்காந்து நான் எப்பிடிம்மா சோறு திங்க? நீயே சொல்லு."

வாரா வாரம் ஜவுளி

அண்ணாச்சி மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். சில வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தறி முதலாளி, முதல் நாள் சேலையை அடுக்கி வைத்துக் காத்திருந்தாரே, அவர் எனக்குப் போன் செய்தார். "ஏம்மா, எங்க அக்கா வீட்டுல என்ன விசேஷம்? அத்தானை எங்கன்னு கேட்டா ஆடை எடுக்கப் போயிருக்காருங்கா. போன வாரம் கேட்டேன், அப்பவும் ஆடை எடுக்கப் போயிருக்காருங்கா. தறிக்காரன் நான் ஒருத்தன் இருக்க, எந்தக் கடையில போயி எடுக்காரு? கேட்டா சிரிக்கா." எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

பட்டறை ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே அண்ணாச்சி வெள்ளை வேட்டியில், பிளாஸ்டிக் நாற்காலியில், கை எட்டுகிற தூரத்தில் மெயின் சுவிட்ச், காலடியில் ஒரு வாளி மணல். முன்னால் என் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் இறங்கி ஏற, எண்ணெய் நூல்போல டப்பாவில் விழுந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஒரு நல்ல தூக்கம் போடுகிற மனிதர். பிரியாணிப் பொட்டலம் பக்கத்து ஸ்டூலில் பிரிக்காமல் இருந்தது. என்ன அண்ணாச்சி இது என்றேன். வீட்டில் டிவி சத்தம் தாங்கவில்லை, இங்கே காற்று நன்றாக வருகிறது என்று என்னென்னவோ சொன்னார். அந்தப் பட்டறையில் காற்று வருகிற ஜன்னலே கிடையாது. முருகேசனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன்:

"அவன்ட்ட சொல்லிராத கோமதி. சொன்னா, நான் இருக்கேன் அண்ணாச்சின்னு இங்க வந்து உக்காந்திருவான். ஒரு நாளாவது பிள்ளை பக்கத்துல கிடக்கட்டும்."

புது ஆள்

போன திங்கட்கிழமை போயிருந்தேன். ஊதுபத்தி ஒன்றே ஒன்று, சாமி படத்துக்கு முன்னால் மட்டும். தொட்டி மூடியைத் தூக்கி முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். பால் மாதிரி கிடந்தது, நாற்றம் இல்லை. முருகேசன் கையில் வெடிப்பெல்லாம் மூடிப் புதுத் தோல் வந்திருந்தது. மத்தியானம் செல்வி வந்தாள். பிள்ளை இப்போது நன்றாக வளர்ந்து, வாயில் கையை வைத்துச் சப்பிக்கொண்டு ஊரைப் பார்த்தது. முருகேசன் வாளியை வாங்கினான். பிறகு தன் உள்ளங்கையை மோந்து பார்த்தான். சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்ப மோந்தான். "மோந்தது போதும், பிடிங்க" என்று செல்வி பிள்ளையை அவன் கையில் வைத்துவிட்டாள்.

சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்தான். பிள்ளை அவனைப் பார்த்தது, உதடு பிதுங்கியது, மெஷின் சத்தத்துக்கு மேலே வீறிட்டு அழுதது. முருகேசன் முகம் செத்துவிட்டது. "பாத்தியா, இன்னும் நாறுது" என்று பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கப் போனான். செல்வி கையை நீட்டவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாற்றம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் முட்டாள்தனமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்போது அண்ணாச்சி எழுந்து போய், பட்டப்பகலில், வேலை நேரத்தில், மெயினை அமத்தினார். பட்டறை முழுக்கச் சத்தம் அடங்கியது. பிள்ளையும் ஒரு கணம் அழுகையை நிறுத்தி, திகைத்து, அவன் முகத்தைப் பார்த்தது. பிறகு மறுபடி அழுதது, ஆனால் அவன் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதது. அண்ணாச்சி கிட்ட வந்து அவன் கையை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏலே, கீழ விடாத, அழட்டும். நாத்தத்துக்கு அவ அழல. இத்தனை நாளா எட்டி நின்னேல்ல, உன்னையத்தான் அவளுக்கு அடையாளம் தெரியல."

ஆகவே, ஸ்கிம்மர் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: மோட்டார், பெல்ட், பிளேடு, டப்பா, டைமர் எல்லாம் கம்பெனியே கொடுத்துவிடும், ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார ஒரு அண்ணாச்சியை மட்டும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.